பள்ளியைத் தாங்கிய ஊர்க் கரங்கள்

 

தொடக்கப் பள்ளிகளை அரசு மட்டுமே வளர்த்ததாக நாம் எண்ணுகின்றோம். தமிழகத்தின் கல்வி வரலாறோ வேறொரு செய்தியையும் சொல்கின்றது.

1954ஆம் ஆண்டு திரு. காமராஜர் முதலமைச்சரானார். அந்நாளில் ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து தடுத்தது பசி. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த திரு. நெ.து. சுந்தரவடிவேலு, ஊராரின் கொடையைக் கொண்டே மதிய உணவளிக்கும் முயற்சிக்குத் துணை நின்றார். 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1957இல் அரசு மானியம் வந்தபோதும் ஊராரின் பங்கு நீங்கவில்லை. ஓர் உணவிற்கான 10 காசில் 6 காசை அரசு தந்தது, எஞ்சிய 4 காசை ஊரார் தந்தனர்.

அடுத்த படி பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் கூடியது. பின்னர் மாநிலமெங்கும் இத்தகைய மாநாடுகள் நடந்தன. அவற்றின் முறை எளிது. ஒவ்வொரு பள்ளியின் குறைகளும் முதலில் பட்டியலிடப்படும். அந்தப் பட்டியலை ஊரார் முன் வைத்துப் பொறுப்பேற்கக் கேட்பார்கள். நிலம் உள்ளவர் நிலம் தந்தார். பொருள் உள்ளவர் கட்டடம், இருக்கை, கரும்பலகை, சீருடை தந்தார். ஏதுமில்லாதவர் உடலுழைப்பைத் தந்தார். கொடுத்தவர்களுக்கு அது 'நம் பள்ளி' ஆயிற்று.

1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது; 2022இல் காலை உணவுத் திட்டமும் வந்தது. அரசு பொறுப்பேற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அரசு ஏற்றுக்கொண்டது என்று நாம் விலகி நின்றுவிட்டோம். மஹல்லாவின் விருந்துகளுக்குத் தாராளமாகச் செலவிடும் நாம், நம் பிள்ளைகள் படிக்கும் அரசுத் தொடக்கப் பள்ளியில் குடிநீர் வருகிறதா, கழிப்பறை தூய்மையாக உள்ளதா என்று கேட்டதுண்டா? இக்குறை நம்முடையதே.

சட்டமும் நமக்கு இடம் தந்துள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். நம் தாய்மார்கள் அக்குழுவில் அமர்ந்து பேச நாம் ஊக்கமளிக்க வேண்டும். ஜமாஅத்தும் ஆண்டுதோறும் பள்ளியின் தேவைகளைக் கேட்டறிந்து, பட்டியலிட்டு, உறுப்பினர்களிடம் பகிர்ந்தளிக்கலாம். கடம்பத்தூர் காட்டிய வழி அதுவே.

பத்ருப் போரில் கைதானவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், பத்துச் சிறுவர்களுக்குக் கற்பித்து விடுதலை பெறலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிவகுத்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கல்வியை மீட்புத்தொகையாகவே மதித்த மரபு நம்முடையது. ஒரு வகுப்பறைக்கு நாம் செய்யும் உதவி, நம் மறைவிற்குப் பின்னும் பலன் தரும் ஸதக்கத்துல் ஜாரியா ஆகும்.

வல்ல அல்லாஹ் நமக்கு அந்நற்பேற்றை அருள்வானாக! ஆமீன்.