மூக்கு வழியே மூளைக்கு: குஷிங் கைவிட்ட பாதை

எகிப்துக்காரங்க மம்மி செய்யும்போது பிணத்தோட மூளையை எப்படி வெளியே எடுத்தாங்க தெரியுமா? மூக்குத் துவாரத்துல வளைஞ்ச இரும்புக் கம்பியை விட்டு! கிரேக்க சரித்திர ஆசிரியர் ஹெரோடோட்டஸ் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வெச்சிட்டுப் போயிருக்கார். மூக்கின் கூரையை உடைச்சா மூளைதான் என்கிற விஷயம் அவ்வளவு பழசு.

ஆனா செத்தவங்களுக்குச் செய்ததை உயிரோட இருக்கறவங்களுக்குச் செய்து, அவங்களைப் பிழைக்கவும் வைக்கணும்னா? அதுக்கு 1907 வரை காத்திருக்க வேண்டியதாப் போச்சு. அப்படிக் கண்டுபிடிச்ச வழியையும் நடுவுல ஒரு முப்பது வருஷம் உலகம் கிட்டத்தட்ட மறந்தே போயிடுச்சு. அந்தக் கதைதான் இன்னிக்குப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

பட்டாணி சைஸ் பெரிய மனுஷன்

நம்ம கதாநாயகன் பிட்யூட்டரி சுரப்பி. பட்டாணி சைஸ், எடை அரை கிராம் சுமார். உடம்புல இருக்கிற தைராய்டு, அட்ரீனல் மாதிரி மத்த சுரப்பிகளை எல்லாம் மேய்க்கிறதால 'தலைமைச் சுரப்பி'ன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. தமிழ்ல இதுக்கு கபச்சுரப்பின்னும் ஒரு பேர் உண்டு. சளிக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

விஷயம் என்னன்னா, 'பிட்யூட்டா'ன்னா லத்தீன்ல கபம். மூளையில் ஊறுகிற சளி இந்தச் சுரப்பி வழியா இறங்கி மூக்குக்கு வருதுன்னு 2-ஆம் நூற்றாண்டு வைத்தியர் கேலன் நினைச்சார். அதையே ஐரோப்பா ஆயிரத்து ஐந்நூறு வருஷம் நம்பிச்சு. 17-ஆம் நூற்றாண்டுலதான் அது தப்புன்னு தெரிஞ்சது. ஆனா பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

இது இருக்கிற இடம்தான் வில்லங்கமே. மண்டை ஓட்டோட அடித்தளத்துல, சரியா நடு மத்தியில, குதிரைச் சேணம் மாதிரி குழிஞ்ச ஒரு எலும்புக்குள்ள உட்கார்ந்திருக்கு. மேலே பார்வை நரம்புகள் ரெண்டும் சந்திக்கிற இடம். ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டு போற கரோட்டிட் தமனிகள். கீழே ஸ்ஃபீனாய்டு எலும்புக்குள்ள ஒரு காற்றறை, அதுக்கும் கீழே முன்பக்கம் மூக்கு. எங்கே இருந்து கிளம்பினாலும் இதுதான் கடைசி ஸ்டாப்!

இதில் கட்டி வந்தா ரெண்டு விதமா படுத்தும். ஒண்ணு, வளர்ந்து மேலே இருக்கிற பார்வை நரம்பை அழுத்தும். ரெண்டு கண்ணிலும் பக்கவாட்டுப் பார்வை போய், கண்பட்டை கட்டின ஜட்கா குதிரை மாதிரி நேரா இருக்கிறது மட்டும் தெரியும். இன்னொண்ணு, ஏதாவது ஒரு ஹார்மோனைக் கணக்கில்லாம சுரக்கும். வளர்ச்சி ஹார்மோனா இருந்தா சின்ன வயசுல ராட்சச உயரம். வளர்ந்த பிறகு வந்தா கை, கால், தாடை பெருக்கும். 1886-இல் பாரிஸ் டாக்டர் பியர் மரி இதுக்கு அக்ரோமெகலின்னு பேர் வெச்சார்.

மூக்கைத் திருப்பி வெச்ச டாக்டர்

19-ஆம் நூற்றாண்டு முடியும்போது மண்டை ஓட்டைத் திறந்து, மூளையை ஒதுக்கிக்கிட்டு பிட்யூட்டரியைத் தொட சிலர் முயற்சி செய்தாங்க. மூளையைத் தூக்கிப் பிடிச்சாலே அது வீங்கும், ரத்தம் கசியும். அந்தக் காலத்து மயக்க மருந்தையும் விளக்கையும் வெச்சுக்கிட்டு இது கிட்டத்தட்ட தற்கொலை முயற்சி. (என்ன, உயிர் போறது நோயாளிக்கு!)

1907 மார்ச் மாதம் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரத்துல ஹெர்மன் ஷ்லாஃபர் என்கிற அறுவை மருத்துவர் கீழே இருந்து போனார். எப்படின்னா, மூக்கின் ஓரத்தில் வெட்டி, மூக்கை அப்படியே ஒரு பக்கமா கதவு மாதிரி திருப்பி வெச்சு, உள்ளே இருக்கிற எலும்புகளை எடுத்து, ஸ்ஃபீனாய்டு வழியா கட்டியைத் தொட்டார். நோயாளி ஆபரேஷனைத் தாண்டிட்டார். ஆனா சில வாரங்கள்ல இறந்துட்டார், கட்டியின் பெரும்பகுதி உள்ளேயே இருந்தது. இருந்தாலும் வழி இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சு போச்சு.

மூணு வருஷம் கழிச்சு, 1910-இல், வியன்னாவில் ஆஸ்கர் ஹிர்ஷ். இவர் மூளை டாக்டரே இல்லை, மூக்கு டாக்டர்! முகத்துல கத்தி வைக்காம, மூக்குத் துவாரம் வழியாகவே, அந்த இடத்தை மட்டும் மரத்துப் போக வெச்சு, நோயாளி முழிச்சிருக்கும்போதே பிட்யூட்டரிக்குப் போனார். முகத்துல தழும்பே கிடையாது. மூளை நிபுணர்களுக்கு முன்னாடி மூக்கு நிபுணர் இதைச் செய்தார் என்கிறதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

பெரியவர் வருகிறார்

அமெரிக்காவுல ஹார்வி குஷிங். நவீன மூளை அறுவை சிகிச்சையின் தந்தைன்னு சொல்லப்படுறவர். வாழ்க்கை வரலாறு எழுதி 1926-இல் புலிட்சர் பரிசும் வாங்கினவர். (நமக்கு ஒரு வேலையே உருப்படியா வரல!) 1909-இல் பால்டிமோரில் ஒரு அக்ரோமெகலி நோயாளிக்கு முதல் தடவையா கீழ் வழியில் ஆபரேஷன் செய்தார். அப்புறம் மேல் உதட்டுக்கு உள்பக்கம் ஈறுக்கு மேலே கீறி அங்கேயிருந்து மூக்குக்குள்ள போற முறையை எடுத்துக்கிட்டார். நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு செய்வார். 1910-இல் இருந்து 1925 வரை இப்படி 231 பேருக்குச் செய்தார், இறப்பு விகிதம் 5.6 சதவீதம். பெனிசிலின் கிடையாது, ஸ்கேன் கிடையாது, ரத்தத்துல ஹார்மோன் அளவு பார்க்க வழி கிடையாது. அதை வெச்சுப் பார்த்தா இது அசாத்தியமான எண்ணிக்கை.

இவ்வளவு சாதிச்சவர் 1920-களின் கடைசியில் இந்த வழியையே விட்டுட்டார்! மறுபடி மண்டை ஓட்டைத் திறந்து மேலே இருந்து போற முறைக்கே திரும்பினார்.

ஏன்? அவர் பக்கம் நியாயம் இருந்தது. கீழ் வழி ஒடுக்கமான இருட்டுக் கிணறு. மேலே எட்டிப் போன கட்டியைக் கண்ணால பார்க்கவே முடியாது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், கட்டி தெரியாது. அதனால உள்ளே போன பிறகுதான் அது என்ன கட்டின்னே புரியும். இதற்குள்ள மண்டை ஓட்டைத் திறக்கும் கலையில் அவர் கை அபாரமா தேறியிருந்தது. மேலே இருந்து போனா பார்வை நரம்பைக் கண்ணெதிரே பார்த்து விடுவிக்கலாம். அவர் கைக்கும் அவர் காலத்துக்கும் அது சரியான முடிவுதான்.

வம்பு எங்கே ஆரம்பிச்சதுன்னா, குஷிங்கே விட்டுட்டார்னு எல்லாரும் விட்டாங்க. அவர்கிட்டப் படிச்சவங்க, அவங்ககிட்டப் படிச்சவங்கன்னு ஒரு தலைமுறையே மூக்குப் பக்கம் போகலை. பாடப் புத்தகத்துல 'பழைய முறை' ஆயிடுச்சு.

விடாம பிடிச்ச சிலர்

பிடிச்சு வெச்சிருந்தவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். ஹிர்ஷ் விடல. யூதரான அவர் 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினதும் எல்லாத்தையும் விட்டுட்டு பாஸ்டனுக்கு ஓடி வந்தார். ஆமாங்க, குஷிங் வேலை பார்த்த அதே ஊர். அங்கே ஹானிபல் ஹாம்லின் என்கிற மூளை அறுவை மருத்துவரோட சேர்ந்து, அந்த ஊரே மறந்து போன ஆபரேஷனைத் தொடர்ந்து செய்தார்.

இன்னொருத்தர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நார்மன் டாட். இவர் கதையே தனிப் பதிவு போடலாம். எஞ்சினியரிங் பட்டறையில் தொழில் பழகிக்கிட்டிருந்த பையன். 1913-இல் மோட்டார் சைக்கிள் விபத்து, கால் போச்சுங்கற நிலைமை. ஆஸ்பத்திரியில படுத்திருந்தபோது டாக்டர் ஆகணும்னு முடிவு பண்ணினார். 1923-24-இல் பாஸ்டன் போய் குஷிங்கிட்ட இந்த முறையைக் கத்துக்கிட்டு வந்தார். குருவே விட்ட பிறகும் சிஷ்யன் விடல. பட்டறை மூளை இல்லையா, மூக்குக்குள்ள விடுற கருவியிலேயே விளக்கைப் பொருத்தினார்! 1956 வாக்குல தொடர்ச்சியா 80 ஆபரேஷன், ஒரு சாவு கூட இல்லைன்னு கணக்குக் காட்டினார்.

அந்த 1956-லேயே பாரிஸில் இருந்து ஜெரார் கியோ எடின்பரோ வந்து டாட் செய்யறதைப் பார்த்தார். அசந்து போயிட்டார். பாரிஸை ஒட்டின சுரேன் ஊரில் ஃபோஷ் மருத்துவமனைக்குத் திரும்பி, ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே திரையில கருவியின் முனை எங்கே இருக்குன்னு பார்த்துக்கிட்டே போற ஏற்பாட்டைச் சேர்த்தார். ஆயிரத்துக்கும் மேல செய்தார். அவர்கிட்ட கத்துக்கிட்டவர் கனடாவின் மான்ட்ரியலைச் சேர்ந்த ஜூல் ஹார்டி. இவர் 1960-களில் ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பைக் கொண்டு வந்தார். 10 மில்லிமீட்டருக்கும் சின்ன கட்டியை மட்டும் தனியா எடுத்துட்டு, நல்ல சுரப்பியை அப்படியே விட்டு வைக்கலாம்னு காட்டினார்.

அவ்வளவுதான், கதவு திறந்துடுச்சு. குஷிங்கிட்ட இருந்து டாட், டாட்கிட்ட இருந்து கியோ, கியோகிட்ட இருந்து ஹார்டி. கர்நாடக சங்கீதத்துல பாடாந்தரம் சொல்வாங்களே, அப்படிக் கைமாறி வந்த வித்தை. நடுவுல டாட் 'நமக்கெதுக்கு வம்பு'ன்னு விட்டிருந்தா? பின்னால வேற யாராவது மறுபடி கண்டுபிடிச்சிருப்பாங்கதான். ஆனா அதுவரை எத்தனை பேர் மண்டையைத் திறந்துக்கிட்டிருக்கணும்?

விதியோட விளையாட்டு

இனிமேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1932-இல் குஷிங் ஒரு கட்டுரை எழுதினார். நிலா மாதிரி உருண்ட முகம், பெருத்த வயிறு, அதுல ஊதா நிறக் கோடுகள், சூம்பின கை கால், ரத்தக் கொதிப்பு. இப்படி 12 நோயாளிகளை விவரிச்சு, இதுக்குக் காரணம் பிட்யூட்டரியில இருக்கிற சின்னஞ்சிறு கட்டின்னு சொன்னார். அதுதான் இன்னிக்கு 'குஷிங் நோய்'.

இந்தக் கட்டிகள் பல சமயம் சில மில்லிமீட்டர்தான். இன்னிக்கு அந்த நோய்க்கு முதல் சிகிச்சை என்ன? கீழ் வழியாப் போய் அதைக் கிள்ளி எடுக்கிறது! எந்தப் பாதையை அவர் கைவிட்டாரோ, அவர் பேரைத் தாங்கின நோய்க்கு அதுதான் மருந்து. 1939-இல் இறந்த குஷிங் இதைப் பார்க்கலை.

எங்க வீட்டுக் கதை

இதை எல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் என் சித்தப்பா. கல்யாண மோதிரம் விரல்ல ஏறல, செருப்பு சைஸ் 8-ல இருந்து 10 ஆச்சு, குரல் கட்டையாச்சு. வயசாகுது, உடம்பு போடுதுன்னு நாங்களும் விட்டுட்டோம். பல வருஷம் இப்படியே ஓடிச்சு. கடைசியில கண்ணாடி மாத்தப் போன இடத்துல கண் டாக்டர்தான் பக்கவாட்டுப் பார்வை குறைஞ்சிருக்கேன்னு சந்தேகப்பட்டு ஸ்கேனுக்கு அனுப்பினார்.

"தலைக்குள்ள கட்டி, மூக்கு வழியா எடுக்கணும்"னு சொன்னதும் சித்தி அழுத அழுகை... "மூளையில இருக்கிறதை மூக்கு வழியாவா? என்னங்க விளையாடறீங்களா?" ஆபரேஷன் முடிஞ்சு சித்தப்பா முகத்துல ஒரு பிளாஸ்திரி கூட இல்லாம உட்கார்ந்து இட்லி கேட்டார். அந்த இட்லிக்குப் பின்னால எடின்பரோ பட்டறைப் பையன் ஒருத்தன் இருக்கான்னு எங்க யாருக்கும் அப்போ தெரியாது.

அவருக்குச் செய்தவங்க ரெண்டு பேர்: ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர், ஒரு மூளை அறுவை டாக்டர். இதுதான் இப்போதைய வழக்கம். 1990-களில் எண்டோஸ்கோப் வந்த பிறகு மூக்குக்குள்ள ஒருத்தர் கேமராவைப் பிடிக்க, இன்னொருத்தர் வேலை செய்ய, நாலு கையும் சேர்ந்து செய்யற ஆபரேஷன் ஆயிடுச்சு. பிட்ஸ்பர்க்கில் ஹே-டாங் ஜோ என்கிற மூளை டாக்டரும் ரிக்கார்டோ கர்ராவ் என்கிற மூக்கு டாக்டரும் சேர்ந்து 1997-இல் 50 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டாங்க. ஹிர்ஷை ஞாபகம் இருக்கா? ரெண்டு துறையும் சேர்ந்து வேலை செய்யறதுங்கறதை அவரும் ஹாம்லினும் எப்பவோ செய்து காட்டிட்டாங்க.

இப்போ பிட்யூட்டரியோட நிக்காம, மண்டையோட்டின் அடித்தளம் முழுக்க மூக்கு வழியாவே போறாங்க. அதுல பெரிய தலைவலி, மூளையைச் சுத்தி இருக்கிற நீர் அந்த ஓட்டை வழியா மூக்குல ஒழுகறது. (கேலன் இருந்திருந்தா 'நான் சொல்லல?'ன்னு கேட்டிருப்பார்.) அதுக்கு அர்ஜென்டினாவின் ஹதாத், பஸ்ஸகாஸ்டெகி ரெண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மூக்கின் நடுச்சுவர்ல இருக்கிற சவ்வை அதோட ரத்தக்குழாயோட சேர்த்து உரிச்சு, ஓட்டைக்கு மேல ஒட்டுப் போடறது. 2006-இல் வெளியான இந்த முறைக்குப் பிறகு ஒழுகல் வெகுவா குறைஞ்சது.

முடிக்கும் முன்...

இந்தக் கதையில வில்லன் யாரும் இல்லை. குஷிங் கையில இருந்த காரணங்கள் நியாயமானவை: இருட்டு, தொற்று, கட்டி தெரியாத எக்ஸ்ரே. பின்னால விளக்கு வந்துச்சு, பெனிசிலின் வந்துச்சு, சுரப்பி படுத்துட்டா கொடுக்க கார்ட்டிசோன் வந்துச்சு. காரணங்கள் ஒவ்வொண்ணா செத்துப் போச்சு. ஆனா அவர் எடுத்த முடிவு மட்டும் உயிரோட இருந்தது, பெரியவர் சொன்னது என்கிற ஒரே தெம்புல! நம்ம வீட்டுல, ஆபீஸ்ல கூட 'அந்தக் காலத்துலயே பெரியவர் வேணாம்னுட்டார்'னு எத்தனை விஷயம் தூங்குதோ? அவர் ஏன் வேணாம்னார்னு ஒரு தடவை கேட்டுப் பார்த்தா தப்பில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, சரித்திரம் படிக்கிற சாதாரண ஆசாமி. ஆனா மோதிரம், செருப்பு ரெண்டும் காரணமில்லாம சின்னதாகிட்டே வந்தா, இல்ல ஓரத்துல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியாம போனா, 'வயசாகுது'ன்னு விடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க. உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, கேட்க ஆவலா இருக்கேன்.