செம்பனை மறுநடவு: காய்க்கும்வரை என்ன செய்வது?

உங்களுக்கு 4 ஹெக்டர் செம்பனைத் தோட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்கு வயது 25. உயர்ந்துவிட்டதால் குலை அறுப்பது சிரமம், விளைச்சலும் குறைஞ்சு போச்சு. மறுநடவு செய்தால் இளம் மரம் காய்க்கச் சுமார் 3 ஆண்டு. அதுவரை வருமானம்?

மலேசியச் சிறுதோட்டக்காரர்கள் பலர் மறுநடவைத் தள்ளிப்போட இது ஒரு முக்கியக் காரணம்.

இடைப்பயிர் கைகொடுக்கலாம். தொடக்க ஆண்டுகளில் வரிசைகளுக்கு நடுவே வெயில் நன்றாக விழும். சோளம், தர்பூசணி 3 மாதத்துக்குள் கைக்கு வரும். வாழைக்கு ஏறக்குறைய ஓராண்டு, அன்னாசிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஒன்றின் விலை சரிந்தால் இன்னொன்று இருக்கும். வீட்டுச் சமையலுக்கும் ஆகும்.

ஆனால் மரத்தை ஒட்டி நடக்கூடாது, உரத்துக்குப் போட்டி வந்துவிடும்.

மட்டைகள் விரிந்து நிழல் கூடிய பிறகு மாடு விடலாம். களையை மேய்வதால் களைக்கொல்லிச் செலவு குறையும். முன்கூட்டியே மட்டும் விட்டுடாதீங்க, இளம் மட்டையையே தின்றுவிடும்!