தாமிரபரணிக் கரையில் பால்வாடி

திருநெல்வேலிச் சீமையின் திண்ணைப் பள்ளிக்கூடம், விஜயதசமியன்று ஆற்றுமணலைப் பரப்பி விரல்பிடித்து எழுதவைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உரியதாக இருந்தது. அதுவும் எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவில்லை. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தை, தாய் நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விட்டால், அக்காளின் இடுப்பில் வளர்ந்தது. அந்த அக்காளும் அதனாலேயே பள்ளிக்குப் போகவில்லை.

இப்பகுதியில் அரசின் மழலைக் கல்வி அடுப்படி வழியாகவே நுழைந்தது. காமராசருக்கு மதிய உணவு எண்ணம் தோன்றியது சேரன்மகாதேவி ரயில்வே கேட்டருகே ஆடு மேய்த்த சிறுவனிடம் பேசியபோதுதான் என்ற கதை எவ்வளவு உண்மையோ, 1956-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் அத்திட்டம் தொடங்கியது பதிவான செய்தி. அது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமே 2 முதல் 5 வயதுக் குழந்தைகளையும் பந்தியில் உட்காரவைத்தது. பால்வாடி (அங்கன்வாடி) மையம் ஊர்தோறும் பரவியது அதன் பிறகுதான். அதற்கு முன்பே, 1980-இல் உலகவங்கிக் கடனுடன் மதுரை வட்டாரத்தில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தது. பால்வாடியில் பாட்டும் கதையும் உண்டென்றாலும், தராசும் சோறும் முட்டையுமே மையத்தின் வெற்றியை அளக்கும் கோல்களாயின. அந்த அளவில் பால்வாடி தோற்கவில்லை. முக்கூடலில் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் தாய்க்கு, முறத்தை மடியில் வைத்தபடி குழந்தையையும் பார்க்க வேண்டியிராத சில மணி நேரம் கிடைத்ததைக் கணக்கில் எழுத எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

எழுத்தை எதிர்பார்த்த பெற்றோரோ, கடன்பட்டேனும் தனியார் எல்.கே.ஜி.யை நாடினர். அந்த ஓட்டத்தைத் தடுக்கவே 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. அதே மாதம் அன்றைய திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தம் மகளைப் பாளையங்கோட்டை அங்கன்வாடியில் சேர்த்தது நாடெங்கும் செய்தியாயிற்று. ஆயினும் சமூகநலத் துறையின் மையத்தில் பள்ளிக்கல்வித் துறையின் வகுப்பு என்ற இரட்டை ஆட்சி தடுமாறியது. 2022-இல் வகுப்புகளை அங்கன்வாடியிடமே விட முடிவெடுத்த அரசு, எதிர்ப்புக்குப் பின் அதைக் கைவிட்டு, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை அமர்த்தியது.