யாரைக் கண்டு சிரிக்கிறோம்?

நம் பங்கின் இளைஞர் மன்றத்தில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவ்வப்போது பட்டிமன்றம் நடைபெறுவதுண்டு. அண்மையில் இளைஞர்கள் தாமே தெரிந்துகொண்ட தலைப்பு நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது: 'அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுள் சிறந்தது எது?' 1994 முதல் 2004 வரை ஒளிபரப்பான 'ஃபிரெண்ட்ஸ்' தொடருக்காக ஓர் அணியினரும், 2005இல் தொடங்கிய 'தி ஆஃபீஸ்' தொடருக்காக மற்றோர் அணியினரும் வாதிட்டனர். கள்ளக்குறிச்சியில் வளர்ந்த பிள்ளைகள், நியூயார்க் நண்பர் அறுவரின் பிணக்குகளைத் தம் தெருவில் நிகழ்ந்தவை போல் எடுத்துரைத்த அழகே அழகு!

வாதம் சூடேறிய வேளையில் பேச்சாளர் ஒருவர், எதிரணியினர் விவரமறியாதவர்கள் என்று காட்டுவதற்காகக் கல்வராயன் மலைமக்களின் பேச்சை நடித்துக் காட்டினார். அரங்கம் அதிர்ந்தது. நடுவராக அமர்ந்திருந்த நாமும் சிரித்தோம். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கல்லூரியில் பயிலும் மாணவர் ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். அவரும் சிரித்தார், ஆனால் ஒரு கணம் தாமதமாகச் சிரித்தார். அந்த ஒரு கணம் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

எந்தத் தொடர் சிறந்தது என்பதைவிட, அத்தொடர் யாரைக் கண்டு நம்மைச் சிரிக்க வைக்கிறது என்பதே முதற் கேள்வி அன்றோ? அத்தொடர்களின் வரலாறே இக்கேள்வியைப் பல முறை எழுப்பியிருக்கிறது.

1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' இவ்வகைத் தொடர்களுக்கெல்லாம் முன்னோடி. கதைத்தலைவி லூசி கருவுற்றிருப்பதாகக் காட்ட நேர்ந்தபோது, 'கர்ப்பம்' என்னும் சொல்லே வசனத்தில் இடம்பெறலாகாது என்றனர். கத்தோலிக்கக் குரு ஒருவர், சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவர், யூத குரு ஒருவர் ஆகிய மூவரிடம் வசனங்களைக் காட்டி ஒப்புதல் பெற்றனர். குழந்தை பிறக்கும் காட்சியை 1953 சனவரி 19 அன்று ஏறத்தாழ 4.4 கோடிப் பேர் கண்டனர்.

ஆயினும் நம் கருத்தைக் கவர்வது அத்தொடரின் மற்றொரு செய்தி. லூசியின் கணவராக நடித்த டெசி அர்னாஸ் கியூபா நாட்டில் பிறந்தவர். அவருடைய ஆங்கில உச்சரிப்பை மனைவி கேலி செய்தபோது பார்வையாளர்கள் சிரித்தனர். பிறர் கேலி செய்தபோது சிரிக்கவில்லை. இதைக் கண்டுகொண்ட எழுத்தாளர்கள், அவ்வுரிமையை மனைவிக்கு மட்டுமே விட்டுவைத்தனர். அன்புடையவர் செய்யும் கேலிக்கும் அயலார் செய்யும் கேலிக்கும் உள்ள வேறுபாட்டை எளிய மக்கள் காதாலேயே அறிந்திருந்தனர்.

பின்னர் அக்காதுக்கும் வேலையில்லாமற் போயிற்று. 1950களில் சார்லஸ் டக்ளஸ் என்னும் ஒலிப்பொறியாளர், பதிவு செய்த சிரிப்பொலிகளை வேண்டிய இடத்தில் சேர்க்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். எங்கே சிரிப்பது என்பதை அன்று முதல் இயந்திரம் சொல்லத் தொடங்கிற்று. 1972 முதல் 1983 வரை வந்த 'மாஷ்' என்னும் தொடர், கொரியப் போர்க்களத்து மருத்துவமனை ஒன்றைப் பற்றியது. மல்கேஹி என்னும் கத்தோலிக்கக் குருவும் அதில் ஒரு பாத்திரம். அதில் சிரிப்பொலியே வேண்டாம் என்றனர் படைப்பாளர்கள். வேண்டும் என்றது நிறுவனம். இறுதியில், அறுவைச் சிகிச்சைக் கூடத்துக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி சேர்ப்பதில்லை என்று உடன்பாடு கண்டனர். மனிதன் குருதி சிந்திக் கிடக்கும் இடத்தில் இயந்திரம்கூடச் சிரிக்கலாகாது என்னும் அந்த எல்லைக்கோடு நம் சிந்தனைக்குரியது.

1971இல் நார்மன் லியர் படைத்த 'ஆல் இன் தி ஃபேமிலி' வேறொரு பாடம் தருகிறது. கறுப்பினத்தவரையும் குடியேறியவரையும் இகழ்ந்து பேசும் ஆர்ச்சி பங்கர் என்பவனை நகைப்புக்குரியவனாக்கி, இனவெறியின் பேதைமையைக் காட்டுவதே படைப்பாளரின் நோக்கம். 1974இல் விட்மார், ரோக்கீச் என்னும் ஆய்வாளர் இருவர் பார்வையாளர்களிடம் ஆராய்ந்தபோது, முற்சாய்வு மிகுந்தோர் ஆர்ச்சியைக் கண்டு நகைப்பதற்கு மாறாக, அவன் பக்கமே சாய்ந்து நிற்கக் கண்டனர். சிரிப்பு உள்ளத்தைத் திருத்தும் என்பதற்கு உறுதியில்லை. உள்ளத்தில் இருப்பதை அது ஊட்டி வளர்க்கவும் கூடும்.

அக்கேலி நம்மவர் மீதும் விழுந்ததுண்டு. 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்புவுக்கு, வெள்ளையரான ஹாங்க் அசாரியா குரல் கொடுத்து வந்தார். அக்குரலைப் பள்ளியில் கேட்டுக் குன்றிப்போன இந்திய வம்சாவளிப் பிள்ளைகளின் வேதனையை, ஹரி கொண்டபோலு 2017இல் ஓர் ஆவணப்படமாக்கினார். 2020இல் அசாரியா அக்குரலைக் கைவிட்டார்.

தமிழ் மரபு இவ்வுண்மையை முன்பே உணர்ந்திருந்தது. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிடத்து அது பிறக்கும் என்றார். உரையாசிரியர் பேராசிரியரோ எள்ளலை இரண்டாகப் பகுப்பார்: பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று. அக்கடைசி வரிசைச் சிரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான உரை உண்டோ!

கல்வராயன் மலைவாழ் பழங்குடியினர் 'மலையாளி' எனப்படுவர். கேரளத்தாரோடு அவர்களைக் குழப்பிக்கொள்வாரும் உளர். அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி. ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்த அம்மலை 1976இல்தான் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் பிந்திக் கிடைத்த மக்களின் பேச்சை, அவை முந்திக் கிடைத்த நாம் அறியாமையின் அடையாளமாக்குவது எவ்வகை அறம்?

2024 சூனில் நச்சுச் சாராயத்தால் நம் நகரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாள்களில் வெளியூரில் தம் ஊர்ப்பெயரைச் சொன்னதுமே எழுந்த கேலியை நம் இளைஞர்கள் கண்கலங்கச் சொன்னதுண்டு. எள்ளப்படுவதன் சுவையை அறிந்த நாக்கே மலையைப் பார்த்து எள்ளியது. நாமும் அதற்குத் துணை நின்றோம்.

விவிலியத்தில் இருவகைச் சிரிப்பு உண்டு. முதுமையில் மகவு என்று கேட்டபோது ஐயுற்று நகைத்த சாரா, பின்னர் கேட்போரெல்லாம் தம்மோடு சேர்ந்து மகிழும்படி சிரித்தார்; ஈசாக்கு என்னும் பெயருக்கே சிரிப்பு என்பதுதான் பொருள். மற்றொன்று, முள்முடி சூட்டிப் போலியாக முழந்தாளிட்ட படைவீரர்களின் சிரிப்பு. முன்னதில் இடம் பெறாதவர் எவருமில்லை. பின்னதில் நடுவே ஒருவர் தனித்து நின்றார். நம் சிரிப்புக்கு நடுவே யாரேனும் தனித்து நிற்கிறாரா என்று பார்த்தால், அது எவ்வகையைச் சேர்ந்தது என்பது விளங்கிவிடும்.

மறுவாரம் அம்மாணவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் கூச்சத்துடன், "பரவாயில்லை சாமி, பழகிப் போச்சு" என்றார். பழகிப்போயிற்று என்னும் அச்சொல்லே நம்மை மேலும் சுட்டது. எந்தத் தொடர் அவருக்குப் பிடிக்கும் என்று வினவினோம். 'தி ஆஃபீஸ்' என்றார். காரணம் கேட்டதற்கு, "அதுல சிரிப்புச் சத்தம் போடமாட்டாங்க சாமி. எங்கே சிரிக்கணும்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

அடுத்த பட்டிமன்றம் வெள்ளிமலையில் நடைபெற உள்ளது. நடுவர் இருக்கையில் இம்முறை அவர் அமர்வார். நாம் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்போம்.