யூனானியச் சொற்கள் கடந்த வழி

மந்திக் எனும் தருக்கக் கலையைப் பயிலப் புகும் மதரஸா மாணவர் பலர் முதலில் கையிலெடுப்பது 'ஈஸாகூஜி' என்னும் சிறு நூல். அப்பெயர் அரபி அன்று. அறிமுகம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் போர்ஃபிரி இயற்றிய நூலின் பெயரே, 13ஆம் நூற்றாண்டில் அல்-அப்ஹரீ யாத்த நூலுக்கும் வாய்த்தது. இவ்வாறே அறிவு வேட்கையைக் குறித்த 'ஃபிலொசொஃபியா' ஃபல்ஸஃபா ஆயிற்று. மரத்தைக் குறித்த 'ஹூலே' அரிஸ்டாட்டிலிடம் மூலப்பொருளாகி, அரபியில் 'ஹயூலா'வாய் அமர்ந்தது. பிளேட்டோ அஃப்லாத்தூன், ஹிப்போகிரேட்டஸ் புக்ராத். அயோனியா என்ற நிலப்பெயரோ அரபியில் யூனான் எனவும், நம் சங்க நூல்களில் யவனர் எனவும் வழங்கலாயிற்று.

எல்லாச் சொல்லும் இப்படி எளிதாகக் கடல் கடந்துவிடவில்லை. 'திராகோதியா' என்ற சொல்லைப் பாருங்கள். ஏதென்ஸ் மாநகரில் டயோனிசஸ் என்னும் தெய்வத்தின் விழாவில், மலைச்சரிவில் பல்லாயிரவர் அமர்ந்திருக்க, கவிஞர்கள் போட்டியிட்டு அரங்கேற்றிய அவல நாடகம் அது. முந்தைய மன்னனைக் கொன்றவன் யாரெனத் தேடிய ஈடிபஸ், அக்கொலைஞன் தானே எனக் கண்டு கண்களைக் குத்திக்கொண்ட கதையைச் சோஃபோகிளிஸ் நாடகமாக்கினார். காண்போர் நெஞ்சில் இரக்கமும் அச்சமும் எழுப்பி அவற்றைத் தூய்மையாக்குவதே இக்கலையின் பயன் என்றார் அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). அத்தூய்மைக்குக் 'கதார்சிஸ்' என்று பெயர்.

அவருடைய கவிதையியல் நூலைச் சுர்யானி மொழியிலிருந்து அரபியாக்கியவர் பக்தாதின் கிறிஸ்தவ அறிஞர் அபூ பிஷ்ர் மத்தா (மறைவு 940). அவர் கண்ட உலகில் கவிதை உண்டு. கிரேக்க அரங்கு இல்லை. ஆகவே திராகோதியாவை 'மதீஹ்', அதாவது புகழ்ப்பா என்றும், நகை நாடகமாகிய கோமோதியாவை 'ஹிஜா', அதாவது வசைப்பா என்றும் பெயர்த்தார். இதைப் பிழையென்று நகைப்பார் உளர், அது நேர்மையன்று. முன்னது உயர்ந்தோரையும் பின்னது தாழ்ந்தோரையும் காட்டும் என்றும், அவற்றின் வேர் புகழ்ப் பாடலிலும் வசைப் பாடலிலும் உண்டு என்றும் அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். மத்தா வேரைப் பிடித்தார். மரத்தை அவர் கண்டதில்லை.

குர்துபாவின் இப்னு ருஷ்து (1126–1198) அதே வழியில் உரை வகுத்தார். அரபுக் கவிதைகளோடு யூசுஃப் நபியின் வரலாற்றையும் சான்றாகக் காட்டினார். 1949இல் எகிப்தின் தவ்ஃபீக் அல்-ஹகீம் 'மன்னர் ஈடிபஸ்' என்ற நாடகத்தை அரபியில் வெளியிட்டார். யூனானியரின் தத்துவத்தை விரும்பி ஏற்ற அரபியர் நாடகத்தை ஏன் ஏற்கவில்லை என்ற கேள்வியையே அதன் நெடிய முன்னுரையில் ஆராய்ந்தார்.