நெய்வேலி முதல் இணையம் வரை: தமிழ்க் குழந்தைகளுக்கான கட்டற்ற வளங்களின் வரலாறு

சிறு குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து பயன்படுத்தத்தக்க தமிழ்ப் பாடல்கள், கதைகள், படநூல்கள், அறிவியல் விளையாட்டுகள் ஆகியவை இணையத்தில் சேரத் தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இவற்றில் சில வளர்ந்து நிலைத்துள்ளன. சில தொழில்நுட்பம் மாறியதும் மறைந்தன. எவை நிலைத்தன, ஏன் நிலைத்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி நகரியம் இதற்குத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறத் தொடங்கிய 1998ஆம் ஆண்டில்தான் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியும் தொடங்கியது.

நகரியமும் குடும்பமும்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய நிறப் பொருள் வெளிப்பட்டது. நெய்வேலி நிலக்கரியின் வரலாறு பெரும்பாலும் இந்த நிகழ்விலிருந்தே சொல்லப்படுகிறது. 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் கட்டப்பட்ட அனல் மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. சுரங்கத்துக்காகச் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் தங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டு வேறிடம் சென்றனர். பணியாளர்களுக்காக எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரியம் எழுந்தது.

இந்த நகரியத்துக்குத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. பணி ஓய்வு பெற்றதும் நிறுவனக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பதால், ஒரே வீட்டில் மூன்று தலைமுறை வேர்விடுவது இங்கு அரிது. தாத்தா பாட்டி பெரும்பாலும் சொந்த ஊரில் இருப்பார்கள். சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் வேலை மூன்று ஷிப்டுகளில் நடப்பதால், தந்தையோ தாயோ வீட்டில் இருக்கும் நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவே மடியில் வைத்துக் கதை சொல்லும் வழக்கத்தின் இடத்தைப் புத்தகமோ வேறொரு சாதனமோ நிரப்ப வேண்டியதாயிற்று. தொழில் நகரங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் இந்நிலை நெய்வேலியில் தெளிவாகத் தெரிகிறது.

அச்சுக் காலம்

தமிழில் சிறுவர் இதழ்களின் வரலாறு 1840இல் நாகர்கோவிலிலிருந்து வெளிவந்த ‘பாலதீபிகை’யிலிருந்து தொடங்குகிறது. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய ‘அம்புலிமாமா’ பல மொழிகளில் பரவியது. 1950இல் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கினார். கல்கி குழுமத்தின் ‘கோகுலம்’ 1972இலும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987இலும் தோன்றின.

இக்காலத்தின் பெரிய பணி ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’. பெரியவர்களுக்கான தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த தமிழ் வளர்ச்சிக் கழகமே இதையும் வெளியிட்டது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. விலங்கு, செடி, எந்திரம், நாடு, விளையாட்டு என்று குழந்தை கேட்கும் கேள்விகளுக்கு எளிய நடையில், படங்களுடன் விடை தரும் நூல் இது.

ஆனால் அச்சுக்கு ஒரு வரம்பு உண்டு. இதழ் நின்றால் அதன் பழைய பிரதிகள் பரணுக்கோ பழைய பேப்பர் கடைக்கோ போய்விடும். அம்புலிமாமாவும் கோகுலமும் பின்னாளில் நின்றுபோயின. கலைக்களஞ்சியமோ நூலகத்தின் உயர்ந்த தட்டில் பூட்டி வைக்கப்படும் நூலாயிற்று. குழந்தைக்கென்று எழுதப்பட்ட நூல் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்துக்குச் சென்றது.

1998: இரண்டு தொடக்கங்கள்

1998இல் நெய்வேலி நிறுவனம் தன் நகரியத்தில் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியது. ஆண்டுதோறும் கோடையின் முடிவில், பெரும்பாலும் ஜூன் இறுதியிலோ ஜூலையிலோ, 11ஆம் வட்டத்தில் உள்ள லிக்னைட் ஹால் வளாகத்தில் சுமார் பத்து நாள்கள் இது நடந்து வந்தது. எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் பாராட்டப்பட்டனர். நாள்தோறும் நூல் வெளியீடுகள் நடந்தன. பள்ளி திறந்த சில வாரங்களில் வருவதால், குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு இது ஒரு திருவிழா. சென்னைக்குச் செல்லாமலே பல பதிப்பகங்களின் சிறுவர் நூல்களைப் புரட்டிப் பார்த்து வாங்க இந்தப் பகுதி மக்களுக்குக் கிடைத்த வாய்ப்பு இது.

அதே 1998இன் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரமும் உலகின் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களும் ‘மதுரைத் திட்டம்’ என்ற மின்பதிப்பு முயற்சியைத் தொடங்கினர். தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் விலையின்றிப் பெறும்படி வெளியிடுவது இதன் நோக்கம். இது குழந்தைகளுக்கான திட்டம் அன்று. எனினும் ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் தொடக்கத்திலேயே இதில் இடம்பெற்றதால், வெளிநாட்டில் பிள்ளைக்கு அகரம் கற்பித்த பெற்றோர் பலருக்கு இது உதவியது.

எழுத்துருச் சிக்கலும் மழலைக்கல்வியும்

தொடக்ககாலத் தமிழ் இணையத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவைப் பயன்படுத்தியது. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் பக்கம் முழுவதும் புரியாத குறிகளாகத் தெரியும். மதுரைத் திட்டம் முதலில் மயிலை, பிறகு திஸ்கி, இறுதியில் யூனிகோடு என்று தன் நூல்களை மாற்றிக்கொண்டே வந்தது. மாற்றிக்கொள்ளாத தளங்கள் காலப்போக்கில் வாசிக்க முடியாதவை ஆயின.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இதுவே இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம். புலம்பெயர்ந்த தமிழர்களின் பிள்ளைகளை மனத்தில் கொண்டு ‘மழலைக்கல்வி’ என்ற பகுதியை அது உருவாக்கியது. பாட்டு, கதை, உரையாடல், எண், எழுத்து என்று ஒலியோடும் அசைவோடும் அமைந்த இப்பகுதி, சிறு குழந்தைகளுக்காக அரசு சார்ந்த அமைப்பு ஒன்று தமிழில் இணையவழி அளித்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. வெளிநாட்டுத் தமிழருக்காகச் செய்யப்பட்டது, நெய்வேலி போன்ற ஊர்களில் தமிழல்லாத தாய்மொழியுடைய குடும்பங்களுக்கும் பொருந்துவதாக இருந்தது.

இக்கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ‘குழந்தைகள் கலைக்களஞ்சிய’த்தின் தொகுதிகளும் சேர்க்கப்பட்டன. பூட்டிய அலமாரியில் இருந்த நூல் கைப்பேசியில் திறக்கும் நூலாயிற்று. 2016 அளவில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்துக்கு வழங்கப்பட்டன. இன்று விக்கிமூலத்தில் தூரனின் ‘சூரப்புலி’, ‘கொல்லிமலைக் குள்ளன்’ ஆகிய சிறுவர் கதைகளைத் தட்டச்சு வடிவில் படிக்கலாம்.

இலவசமும் கட்டற்றதும்

2013இல் சென்னையில் வினோத் சந்தரும் நண்பர்களும் தொடங்கிய ‘சூசூ டிவி’ யூடியூப் அலைவரிசை, ஆங்கில மழலைப் பாடல்களால் உலகப் புகழ்பெற்று, பின்னர் தமிழிலும் பாடல்களை வெளியிட்டது. இத்தகைய அலைவரிசைகள் பார்க்க இலவசம். ஆனால் விளம்பரத்தோடு வருபவை. தரவிறக்கிப் பகிரவோ மாற்றிப் பாடவோ உரிமை தருவதில்லை. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குவதால், எப்போது நிறுத்துவது என்பதும் குழந்தையின் கையில் இல்லை. குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன.

இதற்கு மாறான வழி கட்டற்ற உரிமம். 2004இல் தோன்றிய பிரதம் புக்ஸ் என்ற லாபநோக்கற்ற பதிப்பகம், 2015 செப்டம்பரில் உலக எழுத்தறிவு நாளை ஒட்டி ‘ஸ்டோரிவீவர்’ தளத்தைத் திறந்தது. இதில் உள்ள படக்கதைகளை ஆசிரியர், ஓவியர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். கதைகள் வாசிப்பு நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலைக் கதையில் 250 சொற்களுக்கு மேல் இராது. நான்காம் நிலை 1,500 சொற்களைத் தாண்டும். ஒரே கதை தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் கிடைப்பதால், வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசும் நகரியக் குழந்தைக்கு இது பெரிதும் உதவும்.

அறிவியலில் அரவிந்த் குப்தாவின் தளம் இதே வகையைச் சேர்ந்தது. கான்பூர் ஐஐடியில் படித்த இவர், தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், பழைய செய்தித்தாள் முதலியவற்றால் செய்யும் விளையாட்டுப் பொருள்களைப் படங்களாகவும் குறும்படங்களாகவும் விலையின்றி வெளியிட்டார். தமிழ்க் குரலில் அமைந்த குறும்படங்களும் உண்டு. இலங்கைத் தமிழர்களின் முயற்சியால் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ தளம் அங்கு வெளியான சிறுவர் நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கிறது.

இந்த வேறுபாடு காலப்போக்கில்தான் தெளிவாகத் தெரிந்தது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் ‘ப்ளாஷ்’ மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியதும், அதில் செய்யப்பட்டிருந்த குழந்தை விளையாட்டுகள் உலகெங்கும் இயங்காமல் போயின. படியெடுக்க உரிமை தரப்பட்ட நூல்களோ பல இடங்களில் சேமிக்கப்பட்டு, ஒரு தளம் மூடினாலும் மற்றொன்றில் வாழ்கின்றன.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. நெய்வேலிக் கண்காட்சியும் தடைபட்டது. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி வீடுகளுக்குப் பாடங்களைக் கொண்டு சென்றது. பாடநூல்களில் அச்சிடப்பட்டிருந்த கியூஆர் குறிகள் காணொளிகளுக்கு வழிகாட்டின. ஆயினும் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும் என்ற நிலையில் இருந்த குழந்தைகளுக்கு இவை முழுமையாக எட்டவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் குடியிருப்புப் பகுதிகளிலேயே குழந்தைகளோடு அமர்ந்து பாடமும் கதையும் சொல்லித்தந்தனர். திரை இருந்தும் பக்கத்தில் அமர ஒருவர் தேவைப்பட்டார் என்பதை அக்காலம் காட்டியது.

பெற்றோர் பயன்படுத்தும் முறை

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவே நல்லது. இதை மனத்தில் கொண்டு மேற்கண்ட வளங்களைப் பின்வருமாறு பயன்படுத்தலாம்.

இரண்டு வயது வரை: பாட்டைப் பெற்றோர் கேட்டுக் கற்றுக்கொண்டு, தாமே பாடிக் காட்டலாம். திரை பெற்றோருக்கு மட்டும்.

மூன்று முதல் ஐந்து வயது: ஸ்டோரிவீவரின் முதல் நிலைக் கதை ஒன்றைத் தரவிறக்கி அச்சிட்டு, தைத்துச் சிறு புத்தகமாக்கலாம். குழந்தை அதைக் கிழித்தாலும் மறுபடி அச்சிடலாம்.

ஆறு முதல் எட்டு வயது: ஒரு பக்கம் குழந்தை, ஒரு பக்கம் பெற்றோர் என மாறி மாறி வாசிக்கலாம். அரவிந்த் குப்தாவின் பொம்மைகளுள் ஒன்றை ஞாயிறுதோறும் செய்து பார்க்கலாம்.

எட்டு வயதுக்கு மேல்: குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் திறந்து, அன்றிருந்து இன்றுவரை எது மாறியிருக்கிறது என்று தேடும் விளையாட்டை ஆடலாம். அத்தொகுதிகள் வந்த காலத்தில் நெய்வேலி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல்தான் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டது. புளூட்டோ அன்று கோள். 2006இல் அந்தத் தகுதியை இழந்தது. நூலில் உள்ளதையும் சரிபார்க்க வேண்டும் என்ற பழக்கம் இதனால் வரும்.

இன்றைய தேவை

படிக்கும் வயதுக் குழந்தைகளுக்கு இன்று தமிழில் கட்டற்ற வளங்கள் பல உள்ளன. படிக்கத் தெரியாத மழலையருக்குரிய தாலாட்டு, விடுகதை, வாய்மொழிக் கதை ஆகியவற்றின் ஒலிப்பதிவுகள் இன்னும் பெருக வேண்டும். இவை பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளின் நினைவில் உள்ளன. அவர்களின் ஒப்புதலோடு கைப்பேசியில் பதிவுசெய்து, விக்கிமீடியா பொதுவகம் போன்ற தளங்களில் கட்டற்ற உரிமத்தில் சேர்க்க எவராலும் முடியும். நகரியத்தில் வளரும் பேரக்குழந்தை ஊரில் இருக்கும் பாட்டியின் குரலை அங்கு கேட்கலாம். அதே கதை வேறொரு வீட்டுக் குழந்தைக்கும் பயன்படும்.