தமிழில் வந்த தீர்ப்புத் திரட்டு



சென்னை உயர்நீதிமன்றம் தோன்றிய 1862ஆம் ஆண்டிலேயே தமிழில் ஒரு சட்ட நூலும் தோன்றிற்று. 'சித்தாந்த சங்கிரகம்' என்பது அதன் பெயர். அதனை ஆக்கியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ் நாவலை வெளியிட்டவர் என்றே நீங்கள் அவரை அறிவீர்கள். தேர்வுக்கு அவ்வளவு போதும், வரலாற்றுக்குப் போதாது.

கும்பெனியார் ஆட்சியில் சென்னை நகருக்கு ஒரு வகை நீதிமன்றமும் வெளி மாவட்டங்களுக்கு வேறொரு வகையும் இருந்தன. மாவட்டத்து வழக்குகளுக்குத் தலைமை மேல்முறையீட்டு மன்றம் 'சதர் அதாலத்து' எனப்பட்டது. தத்து எடுத்தல், பாகப் பிரிவினை, ஈடு, வாரிசுரிமை ஆகிய குடும்ப வழக்குகள் எல்லாம் இறுதியில் அங்கே சென்று சேர்ந்தன. அதன் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன.

தீர்ப்பு என்பது வாதி, பிரதிவாதி இருவரோடு முடிந்துபோவதன்று. இன்று ஒரு வழக்கில் கூறப்பட்ட நெறி, நாளை அதுபோன்ற வழக்கிலும் எடுத்துக்காட்டப்படும். ஆகவே முந்தைய தீர்ப்புகளை அறியாதவன் சட்டத்தின் பெரும் பகுதியை அறியாதவனே. பள்ளியில் மதிப்பெண் குறைந்த பையன்கூட 'அடுத்தவனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், ஐயா?' என்றுதான் முதலில் கேட்பான். அக்கேள்வியில் நியாயம் உண்டு.

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, அதன்பின் முன்சீப் ஆனார். 1805 முதல் 1861 வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுத் தீர்ப்புகளை அவர் தமிழில் பெயர்த்துத் தந்தார். சங்கிரகம் என்றால் சுருக்கம். ஆயினும் அது எளிய வேலையன்று. வக்கீல், அமீனா, ஜப்தி, வக்காலத்து என அந்நாளைய கச்சேரித் தமிழ் பாதிக்குமேல் பாரசீகமும் அரபியும் கலந்தது. கருத்துகளோ ஆங்கிலச் சட்டத்தினின்று வந்தவை. தமிழ் வழங்கும் நாட்டில் வழக்கும் தமிழிலேயே நடைபெற வேண்டும் என்று தம் நாவலிலும் அவர் வாதிட்டார். கச்சேரியில் நாள்தோறும் அமர்ந்து கண்ட ஒருவரின் வாதம் அது.

அவருக்குப் பின் காற்று வேறு பக்கம் வீசிற்று. 1876 முதல் அரசின் 'இந்தியச் சட்ட அறிக்கைகள்' வெளிவந்தன. 1891இல் சென்னையில் 'மெட்ராஸ் லா ஜர்னல்' தொடங்கிற்று. இரண்டும் வழக்கறிஞர்களுக்குப் பெருந்துணை. ஆனால் இரண்டும் ஆங்கிலம். கீழ் நீதிமன்றங்களில் தமிழில் தீர்ப்பு எழுத 1976இல் சட்டம் வழி செய்தது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் எனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானித்தும், அங்கே ஆங்கிலமே நீடிக்கிறது. உச்சநீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிட்டு வருகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. 2023இல் தன் தீர்ப்புத் திரட்டையும் எவரும் கட்டணமின்றிக் கணிப்பொறியில் படிக்கும்படி திறந்துவிட்டது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதி மாணவர்களுக்கு இதில் தனி அக்கறை இருக்க வேண்டும். ஏரிப் பாசன வயல்கள் தொழிற்சாலை மனைகளாக மாறிய ஊர்கள் இவை. பலர் வீட்டுத் தகரப் பெட்டியில் நில எடுப்புத் தாள்கள் கிடக்கின்றன. எல்லா நில எடுப்பும் ஒரே சட்டத்தின் கீழ் நடந்ததன்று. ஆயினும் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் 1984இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது. ஒரே அறிவிக்கையில் எடுக்கப்பட்ட நிலங்களுள் ஒருவருடைய நிலத்துக்கு நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்தினால், வழக்கே தொடராத அண்டை நிலத்தாரும் அதனைக் காட்டித் தம் இழப்பீட்டை மறுபடி கணக்கிடக் கோரலாம். அவ்வாறு கோருவதற்கு அவருக்கு உள்ள காலம், அத்தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதம்.